எடுத்து வைத்த ஆறு சீட்டு

எவ்லினுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் சோபா ஒரு மாதம் சன்னலைப் பார்த்திருக்கும், மறுமாதம் சுவரைப் பார்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தாரோ இல்லையோ, அவள் கால் ஆடத் தொடங்கிவிடும். பாடகர் குழுவில் நிற்கும் கணவன் மேத்யூ அங்கிருந்தே கண்ணால் மிரட்டுவான். அவள் காலை நிறுத்திவிட்டு விரலை ஆட்டுவாள்.

இப்படி ஒருத்திக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அங்கே அசையாமல் உட்கார்ந்து, நகத்தளவு சில்லுகளை உருப்பெருக்கியின் கீழே வைத்துக் குறை பார்க்கிற வேலை. கீறல் உண்டா, குமிழ் உண்டா, கறை உண்டா? மேலே இடது மூலையில் கண்ணை வைத்தால் கீழே வலது மூலை வரைக்கும் வரிசை தப்பாமல் இறக்கிக்கொண்டு வரவேண்டும். சந்தேகம் வந்தால் எடுத்துத் தனியாக வைக்கவேண்டும். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. எது நன்றாக இருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. எது கெட்டது என்றுதான் கேட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கதை தலைகீழ். தொழிற்சாலைக் கேன்டீனில் கடைசி மேசை அவளுடையது. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன டாரோ சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு தோழிகளுக்குப் பலன் சொல்வாள். காசு வாங்கமாட்டாள், குடிக்க ஒரு கொப்பி போதும். மகளுக்கு இடம் கிடைக்குமா, மாமியார் ஊருக்குப் போவாளா, அவன் திரும்பி வருவானா என்று வந்து நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் நல்லது ஒன்றுதான் கேட்கவேண்டும். கெட்டது கேட்க யாருக்கு ஆசை?

மேத்யூவுக்கு இது அறவே பிடிக்காது. தீவிலிருந்து பாலம் கடந்து புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போய்வருகிற மனிதன், களைத்து வந்து அவள் சீட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஒரே பழமொழியைத்தான் எடுப்பான்.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி."

"இங்க ஏது கழுநீர்ப் பானை? போய்க் குளிங்க."

அந்தப் பழைய கட்டின் ஆயுசு ஒருநாள் கேன்டீனிலேயே முடிந்தது. பக்கத்து வரிசையில் வேலை செய்யும் நோர்மா தன் ஐஸ் மைலோவைக் கைதவறி அதன் மேலேயே கவிழ்த்தாள். சீட்டுகள் ஊறி அப்பளம் மாதிரி உப்பின. நோர்மா மன்னிப்பு கேட்டுக் கேட்டு அழுதாள். எவ்லினுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். புதிது வாங்க ஒரு காரணம் கிடைத்ததே.

புதுக் கட்டை ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்கடையில் வாங்கினாள். பினாங்குக்காரி ஒருத்தி தானே வரைந்து அச்சடித்தது. அதில் ராஜா ராணியெல்லாம் வெள்ளைக்காரர்கள் இல்லை. முட்டாள் என்கிற முதல் சீட்டில் ஒரு பையன் தோளில் பையோடு, படகுத்துறையின் கடைசிப் பலகையில் அண்ணாந்து பட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த அடி கடல். பேரரசி, பாசாரில் கடை விரித்து, பலாப்பழங்களுக்கு நடுவே காலை அகட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு அக்கா. துறவி, கையில் டார்ச் லைட் பிடித்த கார் நிறுத்துமிடக் காவலாளி. சூரியனில் அடுக்குமாடிக்குப் பின்னால் குழாய்த் தண்ணீரில் ஆட்டம் போடும் குழந்தைகள். எவ்லின் கடையிலேயே சிரித்துவிட்டாள்.

புதுச் சீட்டோடு பழகுவதற்கு அவரவருக்கு ஒரு வழி. தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு, சாம்பிராணி காட்டுகிறவர்களும் உண்டு. எவ்லினுக்குத் தெரிந்தது ஒரே வழி. சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டு, மேத்யூவின் பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு சீட்டையும் மேலே இடது மூலையிலிருந்து கீழே வலது மூலை வரைக்கும் சோதித்தாள். அப்படிச் சோதித்ததால்தான் பல்லிகள் அகப்பட்டன. பலாப்பழத்தின் முள்ளுக்கு நடுவே ஒரு பல்லி. காவலாளியின் சப்பாத்தில் ஒரு பல்லி. பையனின் பைப்பட்டையில் ஒன்று. வரைந்தவள் சீட்டுக்கு ஒரு பல்லியை ஒளித்து வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல். எவ்லினுக்கு ஒரே குதூகலம். காலாட்டுவதைக்கூட மறந்து ஒவ்வொன்றாகத் தேடினாள்.

தேடிக்கொண்டு வந்தவள் மரணச் சீட்டில் நின்றாள். எலும்புக்கூடு, அரிவாள் எதுவும் அதில் இல்லை. ஆளே இல்லாத ஒரு வெள்ளைப் படகு கரையை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். எலும்புக்கூடே தேவலை என்று தோன்றியது. பழைய கட்டில் ஒருமுறை இந்தச் சீட்டு வந்து, ஒரு பெண் வேலை முடியும்வரை அழுது, மேற்பார்வையாளர் வந்து விசாரித்து, எவ்லின் அவமானப்பட்டது நினைவுக்கு வந்தது. மரணம் என்றால் மாற்றம் என்றுதான் அர்த்தம் என்று எவ்வளவு சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

அவள் குடியிருப்பதோ நாலாவது மாடி. ஆனால் லிஃப்டில் நாலு கிடையாது. சீனத்தில் நாலு என்றால் சாவு மாதிரி ஒலிக்கும், அவர்களுக்கு ஆகாத எண் என்பதால் மூன்றுக்கு அடுத்து 3ஏ, அப்புறம் ஐந்து. குடியிருக்கிற தமிழர்களும் மலாய்க்காரர்களும்கூட அதற்குப் பழகிவிட்டார்கள். ஒரு பெரிய கட்டடமே ஒரு மாடியை ஒளிக்கும்போது நான் நாலு சீட்டை ஒளித்தால் என்ன என்று எவ்லின் நினைத்தாள். நாலு ஆறானது. மரணம், சாத்தான், இடி விழுந்த கோபுரம், நெஞ்சைக் குத்தும் மூன்று வாள், படுக்கையில் முகத்தைப் பொத்தி அழுகிறவளின் ஒன்பது வாள், முதுகில் பாய்ந்த பத்து வாள். ஆறையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டிக்குள், ஆட்டிடையனுக்கும் ஒட்டகத்துக்கும் அடியில் செருகினாள். அந்த ஆறில் அவள் பல்லியைத் தேடவில்லை.

வேலையில் கெட்டதை எடுத்துப்போட்டால் மிச்சம் நல்லது. சீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள், பாவி.

புதுக் கட்டுக்குக் கேன்டீனில் ஏகப்பட்ட பேர். எடுத்த சீட்டெல்லாம் பூவும் பழமும். "எவ்லின் கை ராசிலா" என்று பேச்சு பரவி, கொப்பி தினமும் இரண்டு மூன்று என்று வந்தது. ஆனால் அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கட்டைக் கலைக்கும்போது கைக்கு இலேசாக இருந்தது. கேள்விக்குப் பதிலாக இல்லாமல், விருந்தாளிக்குக் காட்டும் பல்வரிசையாகச் சீட்டுகள் இளித்தன. தினம் ஒன்று எடுத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று தனக்கே எடுத்தாள், சலித்தது. சோபா மறுபடி இடம் மாறியது.

அந்தச் சமயத்தில்தான் தனலெட்சுமி கேட்டாள்.

தனலெட்சுமி பக்கத்து பிளாக். தொழிற்சாலை பஸ்ஸில் எவ்லினின் பக்கத்து இருக்கை, அதே வரிசையில் அதே வேலை. கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகன் கோகிலன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். சீட்டு, சாமியாடி, குறி எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது என்றுதான் எவ்லின் நினைத்திருந்தாள். ஒருநாள் கேன்டீன் காலியான பிறகு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு எடு."

"என்னா கேள்வி?"

"மனசுல வெச்சிருக்கேன். கேக்காத."

மூன்று சீட்டு. சூரியன், நட்சத்திரம், குடும்ப நிறைவைச் சொல்லும் கோப்பை பத்து. எவ்லின் கையைத் தட்டினாள். "அடியே, இதவிட நல்லா யாருக்கும் வந்ததில்ல. எதுக்குப் பயப்படுறியோ அது ஒண்ணுமில்லலா. நிம்மதியா இரு."

தனலெட்சுமி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அன்று பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கியேவிட்டாள்.

மூன்று வாரம் போயிருக்கும். காலை பஸ் விமான நிலையப் பக்கம் நெரிசலில் நின்றது. தனலெட்சுமி தானாகவே பேச்செடுத்தாள். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்கு அகப்பட்டதாம். கிளினிக் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று தேதியும் வாங்கிக் கொடுத்தாராம்.

"போனியா?"

"எதுக்குப் போவணும்? அன்னைக்கு நீதான் சொன்னியே, ஒண்ணுமில்லன்னு. அந்தத் தேதி போயிருச்சு. நல்லவேளை, கோகிலன் கிட்டகூடச் சொல்லல. சும்மா அவன வேற பயமுறுத்தி..."

எவ்லினுக்குக் காதில் அதற்குமேல் விழவில்லை. பஸ் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அன்று உருப்பெருக்கிக்குக் கீழே சில்லுகள் எல்லாமே கீறலாகத் தெரிந்தன. நல்லதையெல்லாம் எடுத்துத் தனியாக வைத்தாள். மேற்பார்வையாளர் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் வந்திருக்கிறது என்று சொல்லவா முடியும்?

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. துணி மடித்தாள், மடித்ததைக் கலைத்தாள். சாப்பிடும்போது மேத்யூவிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் பல்லிப் பழமொழியை எடுத்துவிடுவான் என்று பயந்து சோற்றைப் பிசைந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இவள் ஆறு சீட்டை மூடிவைத்தால் ஊரில் சாவு நின்றுவிடுமா? அந்தக் கேள்வியை அவளே அவளிடம் கேட்டுக்கொண்டாள். பதிலுக்குக் கால் ஆடியது.

குடில் பெட்டியை இறக்கி ஆறு சீட்டையும் எடுத்தாள். கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடி விழும் கோபுரத்தில், விரிசலுக்குப் பக்கத்தில் பல்லி சுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பத்து வாளில் ஒரு பிடியின் மேல் ஒன்று. மரணத்தில் மட்டும் அகப்படவில்லை. மேலிருந்து கீழ்வரை இருமுறை இறக்கிப் பார்த்தாள். படகு கட்டும் கயிற்றுக்குப் பக்கத்தில் பொட்டாக ஒரு கறை இருந்தது. அச்சுக் கறை என்று முடிவு செய்து, ஆறையும் கட்டில் சேர்த்துக் கலைத்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் தனலெட்சுமி வீட்டுக் கதவைத் தட்டும்போது அவள் போட்டிருந்த திட்டம் இதுதான். உண்மையைச் சொல்லவேண்டாம். சும்மா இன்னொருமுறை எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி எடுக்கச் செய்வது. ஆறில் ஒன்று வராமலா போகும்? வந்தால் அதையே சாக்காக வைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். மரணச் சீட்டு வரவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். மாதாவிடம்தான் வேண்டினாள். வேறு யாரிடம் வேண்டுவது?

தனலெட்சுமி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே மூன்று எடுத்தாள். பேரரசி. வெற்றி சொல்லும் கோல் ஆறு. மூன்றாவது, சூரியன்.

"பாத்தியா!" தனலெட்சுமி தொடையில் தட்டினாள். "அதே சூரியன். மறுபடியும் வந்திருச்சு. இப்ப நம்புறியா?"

எவ்லின் அந்தக் குழாயடிக் குழந்தைகளைப் பார்த்தாள். அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு வந்ததே இல்லை. சூரியனைத் தூக்கிக் குப்புறக் கவிழ்த்தாள்.

"தனம், நான் ஆறு சீட்ட எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"என்னா?"

"கெட்ட சீட்டு எல்லாத்தையும். அன்னைக்கு உனக்கு எடுத்தப்ப அது கட்டுலயே இல்ல. நீ என்னா கேட்டிருந்தாலும் நல்லதுதான் வந்திருக்கும். எல்லாரையும் அப்படித்தான் ஏமாத்திக்கிட்டு இருந்தேன்."

தனலெட்சுமியின் முகம் மெல்ல மாறியது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "இப்ப?"

"இப்ப ஆறும் உள்ள இருக்கு."

"அப்பறம் என்னா? இப்பவும் சூரியன்தான வந்திச்சு?"

நியாயமான கேள்வி. கட்டு முழுசாக இருந்தும் பொய்தான் சொல்கிறதா, அல்லது கட்டுக்கு ஒன்றுமே தெரியாதா? இத்தனை வருடம் கடைசி மேசையில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் என்ன? எவ்லின் கட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"சீட்டுக்கு ஒண்ணும் தெரியாதுலா, தனம். அது அட்டை. நான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. இருபது வருசமா நீயும் நானும் குறை பாக்குறோம். சின்னச் சந்தேகம் வந்தாலும் விடுவமா? எடுத்துத் தனியா வெச்சு, மெசின்ல பாருன்னு அனுப்புவோம். உன்னைய மட்டும் நான் பாக்காமலே பாஸ் பண்ணிட்டேன். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

அவள் அழுதாள். தனலெட்சுமி அழவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

"நீ வீட்டுக்குப் போ, எவ்லின்."

திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி. தனலெட்சுமி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் அப்படியே. கேன்டீனில் கடைசி மேசைக்கு எவ்லின் போகவில்லை. சீட்டு எங்கே என்று கேட்டவர்களிடம் நனைந்துவிட்டது என்றாள், நோர்மா பாவம் மறுபடி முகம் சுருங்கினாள். வீட்டில் மேத்யூவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பழமொழி வரும் என்று எதிர்பார்த்தாள். அவனோ சோபாவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான். இருவரும் சேர்ந்து அதை மறுபடி சன்னல் பக்கம் வைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் தனலெட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"புதுத் தேதி வாங்கிட்டேன். நீயும் லீவு போடு."

படம் எடுத்தார்கள். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவுக்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரத்தில் எவ்லின் வீட்டுத் தளவாடம் எல்லாம் ஊர்சுற்றியது. கடைசியில் டாக்டர் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் இளம்பெண், மலாயில் மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னாள். புற்றுதான். ஆனால் இன்னும் பரவவில்லை. ஒரு பக்கம் எடுத்துவிடவேண்டி வரும், அப்புறம் மருந்து.

தனலெட்சுமி தலையாட்டினாள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முதலில் ஒரு தேதி கொடுத்திருக்கிறோமே. ஏன் வரவில்லை?"

எவ்லினின் கால் அப்படியே நின்றது. சொல்லட்டும், என் பெயரைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொன்னால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"லீவு கெடைக்கல, டாக்டர்" என்றாள் தனலெட்சுமி.

வெளியே வந்து நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மருந்துச் சீட்டுக்காகக் காத்திருக்கவேண்டும். எவ்லினுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது, ஆனால் அதை இவளிடம் கேட்டு இவளையே ஆறுதல் சொல்ல வைப்பதும் ஒரு திருட்டுத்தனம் என்று தோன்றியது.

"அந்த ஆறு சீட்டு பையில இருக்கா?"

"கட்டே இருக்கு. எதுக்கு?"

"காட்டு. நீ எனக்குக் காட்டாதத நான் பாக்கணும்ல."

எவ்லின் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். தனலெட்சுமி ஒவ்வொன்றாக மடியில் பரப்பினாள். பல்லி விஷயத்தை எவ்லின் சொன்னாள். மரணத்தில் மட்டும் பல்லி இல்லை, வரைந்தவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்றாள்.

தனலெட்சுமி அந்த வெள்ளைப் படகைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தாள். அவளும் இருபது வருடக் கண்.

"இது என்னா, கயித்துக்குப் பக்கத்துல?"

"அச்சுக் கறை."

"கறை வளைஞ்சிருக்குமா? நல்லாப் பாருலா, இது வாலு." விரல் நகத்தைக் கரைச் சுவரோரமாக நகர்த்தி, சீட்டின் விளிம்பில் நிறுத்தினாள். சட்டத்துக்கு வெளியே பாதி போய்விட்ட ஒரு குட்டித் தலை, இரண்டு கால். "இந்தா, இங்க ஓடுது. வால மட்டும் விட்டுட்டு ஓடுது."

எவ்லின் குனிந்து பார்த்தாள். உண்மைதான். இரண்டு முறை கண்ணாடி வைத்துப் பார்த்தும் அவள் கறை என்று ஒதுக்கியது பல்லியின் வாலைத்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தனலெட்சுமியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தனலெட்சுமி இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். தனலெட்சுமி ஆறு சீட்டையும் அடுக்கி, கட்டின் நடுவே செருகி, எவ்லினின் மடியில் வைத்தாள்.

"இனிமே ஒண்ணையும் வெளிய எடுக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எவ்லின் அவள் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.